துவைகல்லாக வந்த தரைக்கல்

வீட்டில் துணி துவைக்க ஒரு கல் இல்லை என்று நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். கல்யாணமாகி மூன்றாவது மாதம் அது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றும். இருந்திருந்தால் எங்கள் மேல் பழி விழுந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த நல்லதும் நடந்திருக்காது. எதை எதோடு நிறுத்துப் பார்ப்பது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் கணவரும் நானும் திசையன்விளைக்குத் தெற்கே செம்மண் தேரியில் பிறந்தவர்கள். அங்கே ஆறு கிடையாது. பனையும் உடைமுள்ளும் ஆழமான கிணறுகளும்தான். நான் ஒன்பது வயதில் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்து விடுதிக்கு வந்து எட்டாம் வகுப்புவரை படித்தேன். அவர் பதினாறு வயதில் அறுப்புக் கூலியாக ஒரு கூட்டத்தோடு வடக்கே நடந்து வந்தார். தாமிரபரணிப் பாசனத்தில் வருஷத்துக்கு இரண்டு போகம். அறுப்புக் காலத்தில் உள்ளூர் ஆட்கள் போதமாட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் கூலி நெல்லைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். இவர் மட்டும் திரும்பவில்லை.

ஏன் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன்.

"தண்ணி சும்மா ஓடிக்கிட்டு கெடந்துச்சுளா. அத அப்படியே விட்டுட்டு வர மனசு கேக்கல" என்றார், ஏதோ அழுகிற குழந்தையை விட்டுவிட்டு வருவதைப் பற்றிச் சொல்வதுபோல.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே நாலைந்து மைலில், வாய்க்காலின் கடைசியில் இருந்த ஒரு வயல் அவருக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. கடைசி வயல் என்பதால் உள்ளூரில் யாரும் அதைக் கேட்கவில்லை. தேரியிலிருந்து வந்தவர் என்பதால் ஊரில் அவருக்குத் தேரியான் என்று பெயர். எனக்கு வாத்தியாரம்மா என்று பெயர். நான் யாருக்கும் வாத்தியாராக இருந்ததில்லை. கடிதாசி படிக்கத் தெரியும், அவ்வளவுதான். 

அந்த ஊர் வழக்கம் இப்படி: கோடையில் அணைக்கட்டில் மடையை அடைத்து வாய்க்காலை வறள விடுவார்கள். வைகாசியில் ஒவ்வொரு குடும்பமும் வாய்க்காலில் தன் பங்கைத் தூர்வார வேண்டும். நிலத்துக்குத் தக்கபடி கோல் போட்டு அளந்த பங்கு. எங்களுக்கு ஆறு கோல் நீளம்; அது வயலை ஒட்டி இல்லை, மூன்று வீட்டுப் பங்கு மேலே தள்ளி இருந்தது. அதை முடித்தால்தான் ஆனியில் திறக்கிற தண்ணீரில் நமக்கு முறை உண்டு. ஒவ்வொரு பங்கின் தலைப்பிலும் வாய்க்காலின் அடியில் ஒரு கல்லைப் பதித்திருப்பார்கள். அதற்குத் தரைக்கல் என்று பெயர். மண்ணை வெட்டிக்கொண்டே போய், கல்லின் தலை தெரிந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும். இது அங்கே பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமல் தெரியும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தேரியில் தோண்டுவது என்றால் கிணறு தோண்டுவதுதான். கல் தட்டினால் சந்தோஷப்படுவோம். அதைப் பெயர்த்து எடுத்தால் கீழே தண்ணீர் இருக்கும்.

அவர் ஒரு சாயங்காலம் இரவல் வண்டியோடு வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சேறு, அதற்கு நடுவே பல்.

"ஏளா, நீ கேட்ட சாமான் வந்துருக்கு."

வண்டியில் வழவழப்பான ஒரு கருங்கல் இருந்தது. ஓர் ஆள் குனிந்து நின்று துவைப்பதற்கு என்றே செய்ததுபோல ஒரு பக்கம் சரிவு.

"எங்கன கெடச்சுது?"

"வாய்க்காலுக்குள்ள. தோண்டிக்கிட்டே போனா இது ஒண்ணுதான் குறுக்க நின்னுச்சு. பெயர்த்து எடுத்துட்டேன். அதுக்கப்புறம் பாக்கணுமே, மண்ணு மாவு மாதிரி. இன்னும் ரெண்டு முழம் எறக்கிட்டேன்."

அந்தக் கல்லின் ஒரு மூலையில் காக்கைக் கால்போல மூன்று கோடுகள் உளியால் வெட்டியிருந்தன. நான் பார்த்தேன். விரலால் தடவியும் பார்த்தேன். அழகாயிருக்கிறது என்று நினைத்தேனே தவிர, ஒரு கல்லில் யாராவது வேலை மெனக்கெட்டு எதற்காகக் கோடு வெட்டியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. எட்டாம் வகுப்பு படித்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனியில் தண்ணீர் திறந்தார்கள். வந்த தண்ணீர் எங்கள் பங்கில் இறங்கியது, ஏறவே இல்லை. முதல் நாள் முழுவதும் அந்தக் குழி குடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் ஊர் எருமைகள் எல்லாம் அதில் வந்து படுத்துக்கொண்டன. மூன்றாம் நாள், எங்களுக்கு மேல்பங்குக்காரரான அண்ணாச்சியின் கரை சரிந்து, ஒரு வாழை மரத்தோடு குழிக்குள் விழுந்தது. எங்களுக்குக் கீழே இருந்த மூன்று வீட்டாரும் நாற்றங்காலைக் காட்டிக் காட்டிச் சத்தம் போட்டார்கள். தரைக்கல் எங்கே, தரைக்கல் எங்கே என்று ஊரே தேடியது.

அண்ணாச்சி எங்கள் வீட்டுப் பக்கம் வந்தபோது நான் கொல்லையில் வேட்டியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"தாயி, அந்தக் கல்லு எங்கன வாங்குனது?"

"வாங்கல அண்ணாச்சி. அவுக கொண்டாந்தாக."

"அவுக கொண்டாந்தாகளா?" அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பிறகு தெருப்பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏ, எல்லாரும் இங்கன வாங்கவே! ஊரு வாய்க்காலோட அளவு கல்லுல இந்த அம்மா வேட்டி தொவைக்குதுவே!"

எனக்கு அந்த ஈர வேட்டியையே எடுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம்போல இருந்தது.

அடுத்த நாளே தண்ணீரை மேலே தடுத்து, குழியைத் தூர்த்து, கல்லைத் திரும்ப நட்டார்கள். என்ன உயரத்தில் நடுவது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அண்ணாச்சி கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு சாண் தூக்கியே வையிங்கவே. தேரியான் மம்பட்டிக்குக் கொஞ்சம் எடம் விடணும்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நான் கரைமேல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் எல்லாருக்கும் கடைசியாகத்தான் வரும். வருவதும் மெலிந்து, கெஞ்சிக்கொண்டு வரும். கடைசி வயலென்றால் அப்படித்தான் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். துணியை நான் ஒரு பனம்பலகையில் போட்டுத் துவைத்தேன். அது ஒவ்வோர் அடிக்கும் துள்ளும்.

நாலு வருஷம் கழித்து எங்கள் மகள் பிறந்தாள். அவளுக்கு ஏழு மாதம் ஆனபோது, பாளையங்கோட்டைச் சந்தையில் தமுக்கு அடித்து, கடல் தாண்டி யுத்தம் நடக்கிற இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். துப்பாக்கி பிடிக்க அல்ல, வேலை செய்ய. லேபர் கோர் என்று அதற்குப் பெயர். உப்பு வாங்கப் போன என் கணவர் உப்பை மறந்துவிட்டு வந்து சொன்னார்:

"ஏளா, என்ன வேலைன்னு கேட்டேன். மண்ணு தோண்டுததுதானாம். ஒனக்கு ஆழமா தோண்டத் தெரியுமாடேன்னு கேக்காக!"

"நீங்க என்ன சொன்னீய?"

"இந்த ஊருல வந்து விசாரிச்சுப் பாருங்கன்னு சொன்னேன்."

எதற்காக இந்த ஊர் அவரைப் பார்த்துச் சிரித்ததோ, அதற்காகவே ஒருவர் அவரைக் கூப்பிட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் போன பிறகு ஒவ்வொரு நாளும் நினைத்தேன். குழந்தைக்குச் சளி பிடித்தால் நினைத்தேன், சளி விட்டாலும் நினைத்தேன்.

பஸ்ரா என்று அவர் அனுப்பிய கடிதாசியில் இருந்தது. என் பழைய பள்ளிக்கூடத்துத் தேசப்படப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். வேதாகமத்தில் ஏதேன் தோட்டத்து ஆறுகளில் ஒன்றாகச் சொல்லியிருக்கிற ஐபிராத்து நதி, அந்த ஊருக்கு என் நகத்தளவு தூரத்தில் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்கள் இருப்பது ஏதேன் தோட்டத்துக்குப் பக்கம் என்று எழுதிப் போட்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: "ஏதேனில் கொசு அதிகம்."

அவர் இல்லாத இரண்டரை வருஷமும் வயலை நான்தான் பார்த்துக்கொண்டேன். அண்ணாச்சி வீட்டு ஏர் வந்து உழும். அவர் மகன்கள் தங்கள் பங்கோடு எங்கள் பங்கையும் கல்லின் தலைவரை வாரிவிடுவார்கள். அண்ணாச்சியின் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். நான் வயலில் நிற்கும்போது குழந்தை மைனி இடுப்பில் இருக்கும். என்ன கேலி பேசினாலும், அந்த வீடு எங்களைக் கைவிடவில்லை. அதை மறந்தால் எனக்கு நல்லதல்ல.

அவர் திரும்பி வந்தது ஒரு சித்திரை மத்தியானம். உச்சி வெயிலில், முழங்கால்வரை தொங்குகிற ஒரு கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் கனக்கிறது, போட்டுக்கொண்டால் கனம் தெரியவில்லை என்றார். பாதி உடம்பாகியிருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வரும். கூடப் போன இரண்டு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். அவர்களைப் பற்றி ஒரே ஒரு தடவை சொன்னார், அவர்களுடைய வீடுகளுக்கு நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்த அன்று. பிறகு சொல்லவில்லை.

மகளுக்கு அவரைத் தெரியவில்லை. ஆனால் கோட்டைப் பிடித்துவிட்டது. ஆணியில் தொங்கிய கோட்டின் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, "அப்பா, சாப்பிட வா" என்று அதைத்தான் கூப்பிடுவாள். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கோட்டுக்குப் பதிலாக "வாரேன் தாயி" என்பார். கோட்டில் அந்தத் தேசத்துத் தூசி நிறைந்து வெள்ளை பூத்திருந்தது. என் பனம்பலகையில் வைத்துத் துவைக்கிற கனமா அது? அப்படியே தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஊரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் மண்ணும் தண்ணீரும்தான். வெள்ளம் வராமல் மைல் கணக்கில் கரை போட்டார்களாம். ஈச்ச மரங்களைப் பார்த்தால் நம் பனைக்குத் தம்பி மாதிரி இருக்குமாம். "நான் ஏறிக் காட்டுனேன். அந்த ஊர்க்காரன் கை தட்டுனான்" என்றார். கரைக்கு மட்டம் பார்க்க ஒரு துரை கண்ணாடிக் குழாயில் தண்ணீர்க் குமிழி வைத்திருந்ததையும், குமிழி நடுவில் நின்றால்தான் வேலை சரி என்பதையும், குழந்தைக்குக் கதை சொல்வதுபோல எனக்குச் சொன்னார்.

வைகாசி வந்தது. எங்கள் பங்கைப் பார்க்க இருவரும் போனோம். அவர் வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கி, மேலும் கீழும் நடந்தார். திடீரென்று வீட்டுக்குப் போய், கன்றுக்குத் தண்ணீர் காட்டுகிற பனந்தொட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பனைத் தடியை நீளவாக்கில் பிளந்து குடைந்த தொட்டி, ஆள் உயரம் இருக்கும். என் கல்யாணச் சீரில் வந்தது. அதை வாய்க்காலில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றச் சொன்னார். நாலு குடம் சுமந்து ஊற்றினேன். அதற்குள் குழந்தை இலையைக் கிள்ளிப் போட்டுக் கப்பல் விட்டது. தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, அவர் வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீரின் மேலாக எட்டிப் பார்த்தார். நான் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு கம்பை முதலில் அண்ணாச்சி பங்கின் தரைக்கல் மேல் நிறுத்தினேன். பிறகு எங்கள் கல் மேல். பிறகு கீழ்ப்பங்குக் கல் மேல்.

எழுந்து வந்தவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஏளா, நம்ம கல்லு அண்ணாச்சி கல்லைவிட நாலு விரக்கடை ஒசரத்துல நிக்குது. தண்ணி மேட்டுல ஏறித்தான் நம்ம வயலுக்கு வருது. இத்தனை வருசமா."

ஒரு சாண் தூக்கியே வையிங்கவே. அண்ணாச்சியின் குரல் என் காதில் அப்படியே கேட்டது.

"மேடும் போயி, தண்ணி ஓடச் சரிவும் வரணும்னா கல்லைத் தாண்டி ஒரு சாண் வெட்டணும்" என்றார் அவர்.

கல்லைத் தாண்டி வெட்டிய ஒரே ஆள் இந்த ஊரில் இவர்தான். அதையே திரும்பவும் செய்ய வேண்டுமென்கிறார். அதுவும் கன்றுக்குட்டித் தொட்டியை நம்பி.

"நீங்க பாத்தது சரிதானா? இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தார். அதே நாலு விரல்.

"அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டு வெட்டலாமே."

"கேட்டா பத்து நாளு பேசுவாக. தண்ணி தெறக்க ஒம்பது நாளுதான் கெடக்கு. பைய வெட்டிருவோம். தண்ணி ஓடுனா எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுப் போகுது."

சரி என்று தலையாட்டினேன். அன்று மாலையே மைனி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? போன தடவை கல்லில் வெட்டியிருந்த கோடுகளைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தேன். இந்தத் தடவையும் அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அண்ணாச்சிக்குத் தெரியாமல் செய்வது எனக்குச் சரியாகவும் படவில்லை. சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே, சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலையில் வாய்க்கால் கரையில் அண்ணாச்சி மட்டும் நிற்கவில்லை. நிலக்காரரின் காரியஸ்தரும் குடையோடு நின்றார். குத்தகை விடுவதும் எடுப்பதும் அவர் கையில்தான்.

"என்னவே, சீமைக்குப் போயிட்டு வந்ததும் மறுபடியும் கெணறு வெட்டப் போறீராமே?" என்றார் அண்ணாச்சி.

"கெணறு இல்ல அண்ணாச்சி, மேடு. நீங்க தூக்கி வச்ச மேடு."

"நானா? நான் எப்பவே தூக்கி வச்சேன்?"

அப்போது நான் வாயைத் திறந்தேன். ஆண்கள் பேச்சுக்கு நடுவில் நான் பேசிய முதல் தடவை அதுதான். "ஒரு சாண் தூக்கியே வையிங்கன்னு சொன்னீங்க அண்ணாச்சி. வாழை மரம் விழுந்த அன்னைக்கு மறுநாளு. நான் இங்கனதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "வாத்தியாரம்மா எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காகவே" என்றார். ஆனால் சொல்லவில்லை என்று மறுக்கவில்லை.

காரியஸ்தர் குடையை மடக்கினார். "எனக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். வெட்டும். ஆனா போன தடவை மாதிரி தண்ணி இங்கன நின்னுச்சுன்னா, இதே கரையில வச்சு வயலை என்கிட்ட ஒப்படைச்சிரணும். சம்மதமாவே?"

"சம்மதம்" என்றார் என் கணவர். எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்போல இருந்தது.

மீதி இருந்தது எட்டு நாள். ஆறு கோல் நீளம். அந்த வருஷத்து வண்டலும் போக ஒரு சாண் ஆழம். கூலிக்கும் ஆள் கிடைக்காது. அந்த வாரம் எல்லாரும் அவரவர் பங்கில் இருப்பார்கள். வெட்டுவதைவிடச் சுமப்பதுதான் பெரிய வேலை. ஒருவர் வெட்ட, மூன்று பேர் கூடையில் வாங்கிக் கரைமேல் கொட்ட வேண்டும். எங்கள் வீட்டில் நானும், ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்குகிற இவரும்.

அவர் கொல்லன் பட்டறைக்குப் போய் ஒரு சாமானைச் செய்து வாங்கி வந்தார். நம் மண்வெட்டிபோல வளைந்தது அல்ல. நேரான நீண்ட காம்பு, அதன் நுனியில் ஆலிலை போன்ற தகடு. தகட்டுக்கு மேலே காம்பில் ஒரு கயிற்றைக் கட்டினார். கயிற்றின் மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

"என்னது இது?"

"பஸ்ராவுல இப்படித்தான் வெட்டுதான். நான் கீழ நின்னு மண்ணுல குத்துவேன். நீ கரையில நின்னு வெடுக்குன்னு இழு. மண்ணு தானா கரைக்கு வந்துரும். கூடையே வேண்டாம்."

நடுவாய்க்காலில், ஊரார் முன்னே, நான் கயிறு இழுப்பதா? உபதேசியார் வீட்டம்மா பார்த்தால் என்ன நினைப்பார்? விடுதியில் எனக்குத் தையலும் பூகோளமும் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மா பார்த்தால் என்ன நினைப்பார்? குழந்தையை எங்கே விடுவது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் யோசித்துக்கொண்டே முதல் இழுப்பை இழுத்தேன். ஒரு கூடை சேறு பறந்து வந்து என் மேலேயே விழுந்தது.

"ஒதுங்கி நின்னு இழுக்கணும்ளா!"

"அத முன்னாலயே சொல்லக் கூடாதா?"

பக்கத்துப் பங்குகளில் வேலை நின்றுவிட்டது. கூடையும் மண்வெட்டியுமாக எல்லாரும் வந்து கரையில் உட்கார்ந்துகொண்டார்கள். "ஏ வாத்தியாரம்மா, தேர் இழுக்கியளா?" என்றார் ஒருவர். "தேருன்னா பத்து ஆளுக்குப் பிரசாதமாவது கெடைக்கும். இங்கன சேறுல்லா கெடைக்குது" என்றார் இன்னொருவர். மைனி மட்டும் எழுந்து வந்து, குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, "நீ இழுளா. இதுக எல்லாம் சிரிக்கத்தான் லாயக்கு" என்றாள்.

நாற்பது ஐம்பது இழுப்புக்குப் பிறகு எனக்குப் பிடிபட்டது. அவர் குத்தும்போது "ம்" என்பார். அந்த "ம்" முடிவதற்குள் இழுக்க வேண்டும். முந்தினால் தகடு வெறுமனே வரும். பிந்தினால் மண் கனத்துவிடும். நான் இரண்டுமே செய்தேன். என் சுபாவம் அப்படி. இழுக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று யோசிப்பதற்குள் நேரம் போய்விடும். நாலாம் நாள்தான் யோசிக்காமல் இழுக்கப் பழகினேன். அதற்குப் பிறகு மண் பறந்து பறந்து கரைமேல் வரிசையாக விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

காய்ச்சல் வருகிற நாட்களில் வேலை கிடையாது. அவர் கோட்டைப் போர்த்துக்கொண்டு படுத்திருப்பார். குழந்தைக்குக் குழப்பம் வந்துவிடும். கோட்டும் அப்பாவும் ஒன்றாகவே கிடந்தால் யாரைக் கூப்பிடுவது? ஏழாம் நாள் அவள் கோட்டை விலக்கிவிட்டு, உள்ளே இருந்தவரை "நீயும் அப்பாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டிருந்தாலும் அவர் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன்.

வேலை நடந்த நாளெல்லாம் நான் சேற்றுச் சேலையைப் பனம்பலகையில் அடித்துத் துவைப்பேன். பலகை துள்ளும், சேறு போகாது. மைனி வேலி வழியாகப் பார்த்து உச்சுக்கொட்டுவாள்.

எட்டாம் நாள் மாலை வேலை முடிந்தது. தொட்டியில் தண்ணீர் ஊற்றி மறுபடியும் மட்டம் பார்த்தார். பிறகு கல்லைப் பெயர்த்து, ஒரு சாண் இறக்கி, காக்கைக் கால் கோடு மேலே தெரிகிறமாதிரி நட்டார். நான் மூன்று தடவை மட்டம் பார்க்கச் சொன்னேன். மூன்று தடவையும் பார்த்தார். நாலாவது தடவை கேட்டபோது, தொட்டித் தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டார்.

தண்ணீர் திறந்த அன்று ஊர் முழுவதும் எங்கள் பங்கின் கரையில் நின்றது. மற்ற வருஷங்களில் கோயில் பக்கத்து மடையில்தான் நிற்பார்கள். காரியஸ்தர் குடையை விரித்து நின்றார். மைனி இடுப்பில் என் மகள். அண்ணாச்சி தன் தரைக்கல்லுக்கு நேராக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் சத்தம்தான் வந்தது, காய்ந்த சருகு நகர்கிற சத்தம். பிறகு சருகும் நுரையும் எறும்புமாகத் தண்ணீரின் தலை வந்தது. அண்ணாச்சி கல்லைத் தாண்டியது. எங்கள் கல்லுக்கு வந்தது. நின்றது.

நின்றேவிட்டது. புதிதாக வெட்டிய மண் மடமடவென்று தண்ணீரைக் குடித்தது. நுரை ஒரே இடத்தில் வட்டம் போட்டது. காரியஸ்தர் என் கணவரைப் பார்த்தார். கீழ்ப்பங்குக்காரர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். மூன்று தடவை பார்த்தது போதாது, நாலாவது தடவையும் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கல்லைக் கேட்டிருக்கக் கூடாது, பஸ்ராவுக்கு விட்டிருக்கக் கூடாது, மைனியிடம் சொல்லியிருக்கக் கூடாது. எல்லாம் அந்த நுரையோடு சேர்ந்து சுற்றின. இவர் மட்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை. கரையில் குந்தி உட்கார்ந்து, கீழ்ப்பங்குக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, அங்கன பாரு" என்றார்.

நுரை நின்ற இடத்திலேயே நிற்க, அதற்கு அடியில் தண்ணீர் ஏற்கெனவே நழுவிக் கீழே போயிருந்தது. கீழ்ப்பங்குக் கல்லின் தலை நனைந்தது. பிறகு நுரையும் சருகும் மொத்தமாகப் பெயர்ந்து, யாரோ கயிறு கட்டி வெடுக்கென்று இழுத்ததுபோலப் போயின. ஊரே "ஓ" என்றது. நான் மைனியிடமிருந்து மகளைப் பிடுங்கிக்கொண்டு கரையோடு ஓடினேன். தண்ணீரின் தலைக்கு முன்னால் ஓடினேன், பின்தங்கினேன், மறுபடி ஓடினேன். அவள் என் இடுப்பில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எங்கள் வயலின் மடையில் தண்ணீர் விழுந்தபோது பொழுது இன்னும் உச்சிக்கு வரவில்லை. வேறு எந்த வருஷமும் மூன்றாம் நாளுக்கு முன்னால் அது வந்ததில்லை.

திரும்பி வந்தபோது காரியஸ்தர் குடையோடு போய்விட்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் போனார் என்றால் வயல் எங்களுக்குத்தான் என்று அர்த்தம். அண்ணாச்சி எங்கள் தரைக்கல்லுக்கு மேலே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வே, அடுத்த வருசம் எம் பங்குக்கும் அந்தக் கன்னுக்குட்டித் தொட்டிய கொண்டாந்து பாத்துச் சொல்லும். யாரு தூக்கி வச்சதோ, என்னவோ" என்றார். என் பக்கம் திரும்பி, "ஏ வாத்தியாரம்மா, கயிறு இழுக்க என் மருமகளுக்கும் சொல்லிக் குடுங்க" என்றார்.

அடுத்த வாரம் அண்ணாச்சியின் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. வண்டியில் ஒரு கருங்கல். மைனிதான் அனுப்பச் சொன்னாளாம். "கோடு கீடு ஒண்ணும் கெடையாது தாயி. நாலு பக்கமும் நானே பாத்துட்டேன்" என்று சொல்லி அண்ணாச்சி அதை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அவர் தெரு திரும்பியதும் நான் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, ஆறு பக்கமும் பார்த்தேன். இவர் கல்லைப் புரட்டிப் புரட்டிக் காட்டிக்கொண்டே, "பஸ்ராவுல துரைகூட இவ்வளவு பாக்கமாட்டாரு" என்றார். ஒரு கோடும் இல்லை. இருந்தாலும் அன்று துவைக்கவில்லை. மறுநாள் தெருவோடு போன காரியஸ்தரை நிறுத்தி, இந்தக் கல் யாருக்காவது எதற்காவது வேண்டுமா என்று கேட்டேன். அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தொவைக்கத்தான் வேணும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஆணியிலிருந்து கோட்டை எடுத்து நனைத்தேன்.